மாப்பிள்ளைக்கு நெட் வரவில்லை

பதினோரு மணிக்கு மாப்பிள்ளைக்கு இண்டர்வியூ. மணி பத்தைத் தாண்டிவிட்டது. வீட்டில் நெட் இல்லை.

அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. வரும், போகும். கூப்பிடாத விருந்தாளி மாதிரி வாசலில் தலையை நீட்டும். உட்காருங்கள் என்று சொல்வதற்குள் காணாமல் போய்விடும்.

புரூஃப் அம்மா தன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் திரையில் இருந்தது. காது மட்டும் பக்கத்து அறையில். அங்கே மாப்பிள்ளை லேப்டாப்பை மூடுகிற சத்தம். திறக்கிற சத்தம். ஒரு பெருமூச்சு. மறுபடி மூடுகிற சத்தம்.

புரூஃப் அம்மா என்பது தெரு வைத்த பெயர். பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள் அச்சுக்குப் போகுமுன் வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பது அவளுடைய வேலை. கடைப் பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். அவள் வருவதைப் பார்த்தாலே சில கடைக்காரர்கள் பலகையை மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

மாப்பிள்ளை டிராஃப்ட்ஸ்மேன். கிரேன் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்து, மனைவியை அழைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்தார். வரும்போது "ஒரு மாசம்தான்" என்றார். அந்த ஒரு மாதம் ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டே போய் இப்போது வருஷத்தைத் தொடப் பார்க்கிறது.

மனுஷர் தங்கம். ஆனால் மாமியாரோடு பேச மாட்டார். அவளும் மாப்பிள்ளையோடு பேச மாட்டாள். கோபமா? சேச்சே! எல்லாம் மரியாதை. அவள் ஹாலுக்குள் வந்தால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அவர் தண்ணீர் குடிக்க வந்தால் அவள் கொடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விடுவாள். காயாத துணியாக இருந்தாலும் சரி.

இரண்டு பேருக்கும் நடுவே மகள். வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர்.

"குட்டி, அவருக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேளு."

"ஏங்க, அம்மா இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேக்கறாங்க."

"போதும்னு சொல்லு. வயிறு நிறைஞ்சுடுச்சு."

"போதுமாம்மா. நிறைஞ்சுடுச்சாம்."

மூன்று பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே மேஜையில். யாருக்கும் காது மந்தம் கிடையாது.

அந்தக் குட்டி இன்றைக்கு வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் அவளுக்குப் பகல் ஷிஃப்ட். உள்ளே நுழையும்போதே போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாயங்காலம்தான் எடுக்க முடியும்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. புரூஃப் அம்மா சட்டென்று திரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஓசைப்படாமல் ஹாலுக்கு வந்தார். சுவரில் தொங்கிய ரூட்டரின் பின்பக்கம் கையை விட்டு அணைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். மறுபடி போட்டார். திருட்டுப் பூனை மாதிரி திரும்பிப் போய்விட்டார்.

இங்கே அவள் அச்சகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த பக்கங்கள் பாதியில் நின்றன. நேற்றும் இதே கதைதான். முந்தாநாளும் இதேதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மாப்பிள்ளை கதவைச் சாத்தியதும் எழுந்து போய், ஓசைப்படாமல் ரூட்டரை அணைத்துப் போட்டாள். அவளுக்கு வந்தது. அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

அவர் நினைத்தார்: அத்தை பெரிய பெரிய பக்கங்களாக அனுப்புகிறார்கள், நெட் முழுவதும் அங்கே போகிறது, நாம் வாயைத் திறக்கக் கூடாது. அவள் நினைத்தாள்: மாப்பிள்ளை வேலை தேடுகிறார், அவருக்குத்தான் முதலில், நாம் குறுக்கே நிற்கக் கூடாது. இப்படி ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்து, இரண்டு பேருக்கும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

உண்மையில் இந்த இண்டர்வியூ போன வாரமே முடிந்திருக்க வேண்டியது. பாதியில் நெட் அறுந்துபோனது. எதிர்ப்பக்கத்து அதிகாரியின் முகம் வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்து நின்றது. அப்புறம் போனில் அவர் சொன்னாராம்: "இன்னொரு தடவை பாக்கலாம் சார். அப்பவும் கட் ஆச்சுன்னா, வீட்லேர்ந்தே செய்யற வேலைக்கு உங்களை நான் எப்படி எடுக்கறது?" நியாயமான கேள்விதான். அதனால்தான் பயமாக இருந்தது.

புரூஃப் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த லேப்டாப்பை ஓட்டுகிற மென்பொருள், லினக்ஸ், அவள் கொடுத்தது.

அவளுடைய கம்ப்யூட்டர் அரதப் பழசு. பொழுது விடிந்ததிலிருந்து முனகிக்கொண்டே இருப்பதால் அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தாள். ரிப்பேர்காரர் "எடைக்குப் போட்டுடுங்கம்மா" என்று கையை விரித்தபோது, அவளே நாலு இடத்தில் படித்து, பழைய மெஷினிலும் ஓடக்கூடிய லினக்ஸை ஏற்றினாள். பெரியம்மா எழுந்து நடமாட ஆரம்பித்தது. அந்தப் பெருமையில், மாப்பிள்ளையின் லேப்டாப் திணறுகிறது என்று கேள்விப்பட்டதும் மகள் கையில் பென் டிரைவைக் கொடுத்து அனுப்பினாள். மாப்பிள்ளையும் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றிக்கொண்டார்.

இந்த வாரம் நெட் கம்பெனி ஆள் இரண்டு தடவை வந்து பார்த்தார். அவர் வந்தபோதெல்லாம் புரூஃப் அம்மா பெரியம்மாவை நிறுத்திவிட்டு, காகிதங்களை ஒதுக்கி, அவருக்கு உட்கார இடம் செய்து கொடுத்தாள். அவர் மாப்பிள்ளையின் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தார். நெட் பிரமாதமாக ஓடியது. "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார். இரண்டாவது தடவை செருப்பை மாட்டிக்கொண்டே, "லினக்ஸ் கினக்ஸ்னு போட்டா இப்படித்தான் மேடம்" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது நெஞ்சில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டிருந்தது. நாளைக்கு இந்த வேலை கைநழுவினால் மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதுதான் இன்னும் கொடுமை.

கதவு மறுபடி திறந்தது. இந்தத் தடவை மாப்பிள்ளை ஒரு கையில் லேப்டாப், ஒரு கையில் ஸ்டூல், வாயில் போன் என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முன்னால் நிற்கிற அடுக்குமாடிக் கட்டடம் இந்த வீட்டுக்கு வருகிற போன் சிக்னலை மறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே போனில் பேச மட்டும் முடியும். போனிலிருந்து நெட் எடுக்க வேண்டுமென்றால் கேட் வரைக்கும் போக வேண்டும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாப்பிள்ளை கேட் அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மடியில் லேப்டாப். மதில் மேல் போன். தெருவில் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டே கீ கீ என்று கத்தியது. அவர் ஒரு வரைபடத்தைத் திறந்து பார்த்தார். திரையில் கால்வாசி வந்து நின்றுவிட்டது. வெயில் வேறு. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். யாரை? குட்டியைத்தான். அடித்துக்கொண்டே இருந்தது. போனை வைத்துவிட்டு, உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். புரூஃப் அம்மா எழுந்துவிட்டாள். வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினாள்.

"மாப்பிள்ளை..."

அவர் பதறிப்போய் எழுந்தார். மடியிலிருந்த லேப்டாப் நழுவியது. நல்லவேளை, பிடித்துவிட்டார். எழுந்த பிறகுதான் இருவருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. கீழே, கேமராவுக்குத் தெரியாத பகுதியில், முட்டி தெரிகிற அரை டிரவுசர்.

புரூஃப் அம்மா அவசரமாகத் தொட்டிச் செடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"குட்டி போனை எடுக்க மாட்டா. அலமாரியில பூட்டி வெச்சிருப்பா."

"ஆமாம் அத்தை. மறந்துட்டேன்."

லாரி கத்திக்கொண்டே இருந்தது.

"அவ வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா?" என்று புரூஃப் அம்மா செடியைக் கேட்டாள். "நாமளே பாத்துடுவோம். உள்ள வாங்க."

மாப்பிள்ளை முன்னால் ஓடி, கட்டிலில் கிடந்த போர்வையை மூலையில் திணித்து, ஒரு துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர்கள் வந்ததிலிருந்து அவள் இந்த அறைக்குள் காலெடுத்து வைத்தது கிடையாது. இங்கே மேஜை இல்லை என்பதையே இப்போதுதான் பார்த்தாள். தலையணை மேல் ஒரு பலகை. பலகை மேல் லேப்டாப்.

"நான் பெரியம்மாவை நிறுத்திடட்டுமா?" என்றாள். "உங்களுக்குக் கொஞ்சம் தாராளமா கிடைக்கும்."

"ஐயோ, வேண்டாம் அத்தை! உங்க பக்கமெல்லாம் மத்தியானத்துக்குள்ள போகணுமே. குட்டி சொன்னா."

"அது கிடக்கட்டும்."

"வேண்டவே வேண்டாம். என்னால உங்க வேலை நிக்கக் கூடாது."

அவர் அப்படி அடித்துச் சொன்னதும் அவள் விட்டுவிட்டாள். அங்கேயும் மரியாதை குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

"சரி. அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறங்க. டெர்மினல். முதல்ல ரூட்டரைக் கூப்பிட்டுப் பாப்போம். அது பதில் சொல்லுதான்னு தெரிஞ்சாத்தான், தப்பு வீட்டுக்குள்ளயா வெளியிலயான்னு தெரியும்."

மாப்பிள்ளை 'பிங்' என்று அடித்து, ரூட்டரின் நம்பரைச் சேர்த்துத் தட்டினார். திரையில் வரிசையாகப் பதில் வந்தது.

"வருது... வருது... நின்னுடுச்சு அத்தை."

"இருங்க. பொறுமை."

"மறுபடி வருது. நின்னுடுச்சு."

"அப்ப வெளி லைன்மேல பழியைப் போட்டு பிரயோஜனமில்ல. இதோ இருக்கற ஹாலுக்கும் இந்தக் கட்டிலுக்கும் நடுவுலயே வண்டி கவுறுது."

"வைஃபை வீக்கா இருக்குமோ?"

"தூக்குங்க. கிட்டப் போய்ப் பாப்போம்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஹாலுக்கு ஓடினார்கள். ரூட்டருக்கு நேர் கீழே, மூக்கு உரசுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே வருகை, அதே போக்கு. மாப்பிள்ளையின் நெற்றி வியர்வை டையில் சொட்டியது.

"லினக்ஸ்தான் ஒத்துக்கலையோ..." என்று அவள் மெதுவாகக் கேட்டாள். கேட்கும்போதே குரல் உள்ளே போய்விட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை. இதைப் போட்ட அப்புறம்தான் என் டிராயிங் எல்லாம் வேகமா திறக்குது. குட்டிகிட்ட சொல்லச் சொன்னேனே, சொல்லலையா?"

"இல்லையே."

"ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லச் சொன்னேன்."

"அவ சொல்லலை," என்றாள் புரூஃப் அம்மா. நெஞ்சிலிருந்த முள் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. மணியைப் பார்த்தாள். பத்தேமுக்கால். "சரி, உங்க மெஷினுக்கு என்ன நம்பர் இருக்குன்னு பாப்போம். 'ஐபி', ஒரு இடம் விட்டு 'ஏ'ன்னு அடிங்க."

இந்த நம்பர் விவகாரத்தை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். வீட்டிலுள்ள ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு, கதவு எண் மாதிரி. வெளியிலிருந்து வருகிற சமாசாரத்தை அந்த எண்ணைப் பார்த்துத்தான் ரூட்டர் கொண்டுபோய்க் கொடுக்கும். எண்ணைக் கொடுப்பதும் ரூட்டர்தான். ஆனால் இந்த வீட்டு ரூட்டர் ஒரு சோம்பேறி. பாதி நாள் கொடுக்க மறந்துவிடும். அதனால் இரண்டு பேருமே அதை நம்பாமல் தங்கள் கையாலேயே நம்பரை எழுதி வைத்திருந்தார்கள்.

திரை நிறைய எழுத்தும் எண்ணுமாக வந்து விழுந்தது. மாப்பிள்ளை விழித்தார். புரூஃப் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து, அச்சுப் பக்கம் படிக்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தாள். கடைசி எண்ணில் விரல் நின்றது.

ஐம்பது.

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஐம்பதேதான். விறுவிறுவென்று தன் அறைக்குப் போனாள். பெரியம்மாவிலும் அதையே அடித்துப் பார்த்தாள். தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தாள்.

"மாப்பிள்ளை, இந்த ஐம்பதை யார் போட்டது?"

"நான்தான் அத்தை."

"ஏன் ஐம்பது?"

மாப்பிள்ளை குழம்பிப்போனார். "நீங்கதானே அனுப்பினீங்க?"

"நானா?"

"குட்டி போட்டோ எடுத்து அனுப்பினாளே. உங்க செட்டிங்கை. எனக்கு நெட் சரியா வரலைன்னு கேட்டப்போ."

அவளுக்கு அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று குட்டி கேட்க, இவள் பெரியம்மாவின் செட்டிங்கைத் திறந்து வைத்தாள். மகள் ஒரு காலில் ஷூ, ஒரு காலில் இல்லாமல் நொண்டிக்கொண்டே வந்து போட்டோ எடுத்தாள். "கடைசி நம்பரை மட்டும் அவர் வேற போட்டுக்கணும்னு சொல்லிடு" என்று இவள் சொன்னாள். "சரிம்மா, பஸ் போயிடும்மா" என்று மகள் ஓடினாள். பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். சேதிதான் வழியிலேயே இறங்கிப்போய்விட்டது.

"கடைசி நம்பரை மாத்தச் சொன்னேனே. சொல்லலையா அவ?"

"இல்லையே அத்தை. படம் மட்டும்தான் வந்துச்சு. நான் அப்படியே வரி பிசகாம போட்டுட்டேன்."

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா? ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே நம்பரான்னு?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "வந்துச்சு. ஆனா எங்க தொழில்ல ஒரு பழக்கம் அத்தை. பெரியவங்க கையெழுத்துப் போட்டு ஒரு டிராயிங் வந்தா, அதுல ஒரு அளவைக்கூட நாமளா மாத்தக் கூடாது. சந்தேகம் இருந்தா கேட்டுட்டுத்தான் மாத்தணும்."

"கேட்டிருக்கலாமே!"

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது? அவர் தண்ணீர் குடிக்க வந்தால்தான் அவள் துணி எடுக்கப் போய்விடுவாளே.

புரூஃப் அம்மாவுக்கு எல்லாம் அடுக்கடுக்காக விளங்கியது. முன்பெல்லாம் அவர் பகலில் வேலை தேடி அலைவார். இவள் வேலையை முடித்து பெரியம்மாவைத் தூங்கப் பண்ணின பிறகு சாயங்காலம்தான் லேப்டாப்பைத் திறப்பார். இப்போது பாடப் புத்தக அவசரத்தில் இவள் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறாள். அவரும் இண்டர்வியூவுக்காக வீட்டிலேயே இருக்கிறார். நெட் கம்பெனி ஆள் வரும்போதெல்லாம் எல்லாம் சரியாக இருந்தது ஏன்? இவள் மரியாதையாக எழுந்து மெஷினை நிறுத்திக் கொடுத்தாளே, அதனால்தான்!

ஒரு கதவு எண், இரண்டு வீடு. தபால்காரர் பாவம், என்ன செய்வார்? ஒரு தடவை இங்கே கொடுத்தார், ஒரு தடவை அங்கே கொடுத்தார்.

"கறுப்பு ஜன்னலைப் பாத்துட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். பெரியம்மாவின் பின்னாலிருந்த வயரைப் பிடுங்கினாள்.

"அத்தை! வருது அத்தை! நிக்காம வருது!"

"நின்னுதா?"

"இல்ல! ஓடிட்டே இருக்கு!"

மாப்பிள்ளைக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும். மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "இப்ப உங்க நம்பரை மாத்துங்க. சீக்கிரம்."

அவர் செட்டிங்கைத் திறந்தார். கடைசி எண்ணை அழித்தார். விரல் அந்தரத்தில் நின்றது.

"என்ன போடட்டும் அத்தை?"

"ஐம்பதைத் தவிர எது வேணா போடுங்க."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"உங்க மெஷின் மாப்பிள்ளை. உங்க நம்பர். நீங்களே போடுங்க."

"அறுபது?"

"போடுங்க."

"அது பரவாயில்லையா? இல்ல எழுபது..."

"பிள்ளைக்குப் பேரா வெக்கறோம்? மணியைப் பாருங்க!"

அறுபது போட்டார். வைஃபையை அணைத்து மறுபடி இணைத்தார். பதில் வரிகள் ஆறாக ஓடின. மணி பதினொன்றுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி.

"நீங்க ஆரம்பிங்க. நான் இண்டர்வியூ முடியற வரைக்கும் பெரியம்மாவைத் தொட மாட்டேன்."

அவள் கிளம்பினாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"இல்ல அத்தை. வயரைச் சொருகுங்க."

"வேண்டாம் மாப்பிள்ளை. எதுக்கு வம்பு?"

"சொருகினாத்தான் சரியாச்சான்னு தெரியும். உங்களை நிறுத்திட்டு எனக்கு வந்தா, அது சரியானதா ஆகாது. வேலை கிடைச்சாலும் தினம் தினம் உங்களை நிறுத்தவா முடியும்?"

தலையைக் குனிந்துகொண்டு "போதும்னு சொல்லு" என்று சொல்கிற மனிதரா இவர்? அவள் தன் அறைக்குப் போனாள். பெரியம்மாவின் பின்னால் குனிந்து, வயரைக் கையில் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொருகினாள்.

"எனக்கு வருது அத்தை! உங்களுக்கு?"

"இருங்க... எனக்கும் வருது!"

"நிக்கலையே?"

"நிக்கல! உங்களுக்கு நின்னுதா?"

"இல்ல! ஓடுது! நல்லா ஓடுது!"

மாடி வீட்டுக்காரி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னம்மா சத்தம்? மாப்பிள்ளையோட ஏதாவது தகராறா?"

"அதெல்லாம் இல்லம்மா!" என்று புரூஃப் அம்மா ஜன்னல் வழியாகக் கத்தினாள். "பேசிட்டிருக்கோம்!"

பதினோரு மணிக்கு மாப்பிள்ளை லேப்டாப்போடு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "வணக்கம் சார், கேக்குதுங்களா?" என்று மாப்பிள்ளையின் குரல்.

புரூஃப் அம்மா பக்கங்களை அனுப்ப ஆரம்பித்தாள். காதைச் சுவரோடு வைத்துக்கொண்டாள். அவர் பேசுவதில் பாதி புரியவில்லை. பளு என்றார், கம்பி என்றார், ஏதோ ஒரு துளையைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள் போலிருக்கிறது. "தள்ளி வைக்கலாம் சார், ஆனா அங்க வெச்சா ஸ்பேனர் உள்ள போகாது. முடுக்கற ஆளு திட்டுவான்" என்றார். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவளுக்கு வேண்டியது அர்த்தம் இல்லை. குரல் அறுபடுகிறதா என்பதுதான். அறுபடவில்லை. அச்சகத்து ஆள் போன் செய்து "எல்லாம் வந்துடுச்சும்மா" என்றபோது அவள் "உஷ்" என்று அவரை அதட்டினாள்.

கதவு திறந்தபோது மாப்பிள்ளையின் டை தோளுக்குப் பின்னால் போயிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்றாங்களாம்." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஒரு தடவைகூட கட் ஆகல அத்தை."

மத்தியானம் இரண்டு பேரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று அவள் கேட்டாள். அவர் சிறிது யோசித்தார். "போடுங்க அத்தை. பசிக்குது," என்றார். இத்தனை நாளும் வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்னதெல்லாம் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று அவளுக்குச் சுருக்கென்றது. கரண்டி நிறையப் போட்டாள்.

வெயில் தணிந்த நேரத்தில் போன் அடித்தது. மாப்பிள்ளை ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே பேசினார். "சரிங்க சார். திங்கட்கிழமையா? சரிங்க சார்." வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவளுடைய கால் பழக்கதோஷத்தில் துணிக்கொடியைப் பார்த்துத் திரும்பியது. அவள் அதை இழுத்து நிறுத்தினாள்.

"எடுத்துக்கிட்டாங்க அத்தை. மூணு மாசம் பாத்துட்டு நிரந்தரம் பண்றாங்களாம்."

அவள் தலையைத் தலையை ஆட்டினாள். அவர் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். கதவின் தாழ்ப்பாளை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"இன்னொரு விஷயம்... குட்டி வந்ததும் அவகிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"என்கிட்டயே சொல்லுங்க."

"நாள் முழுக்க கட்டில்ல உக்காந்து வரைஞ்சா முதுகு போயிடும். ஹால்ல ஜன்னல் பக்கம் எனக்கு ஒரு மேஜை வேணும் அத்தை."

இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டு ஒரு பொருளைக் கேட்பது இதுவே முதல் தடவை. புரூஃப் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு நடந்தாள். ஜன்னலை ஆராய்ந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இங்க வேண்டாம் மாப்பிள்ளை. மத்தியானம் வெயில் நேரா ஸ்கிரீன்ல அடிக்கும்."

"திரை போட்டுக்கலாம் அத்தை."

"திரை போட்டா வெளிச்சம் எங்கேர்ந்து வரும்? அதுக்கு அந்த மூலையே தேவலை."

"அந்த மூலையில கதவு இடிக்கும். நான் அளந்து பாத்துட்டேன்."

"எப்ப அளந்தீங்க?"

"வந்த புதுசுலயே."

"வந்த புதுசுலயே அளந்து வெச்சுட்டு இத்தனை நாளா வாயைத் திறக்காம இருந்தீங்களா? நல்லா இருக்கு! பிடிங்க அந்தச் சாப்பாட்டு மேஜையை, போட்டுப் பாத்துடுவோம்."

"அது இந்தப் பக்கம் நுழையாது அத்தை. சாய்க்கணும்."

"சாய்க்க வேண்டாம். நேராவே போகும்."

"போகாது!"

"போகும்ங்கறேன்!"

குட்டி வேலை முடிந்து வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தவள். புருஷன் போனை எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை. உள்ளே பார்த்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மேஜையைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஷூ அவள் கையிலேயே நின்றது.

"அம்மா, என்னம்மா ஆச்சு? ஏங்க, அம்மா என்ன சொல்றாங்க? வேலை கெடைச்சுதா இல்லையா? யாராவது சொல்லுங்களேன்!"

"கெடைச்சுது, கெடைச்சுது," என்றாள் புரூஃப் அம்மா, தலையைக்கூடத் திருப்பாமல். "ஷூவைக் கீழ போட்டுட்டு வந்து இந்தக் காலைப் பிடி. உன் புருஷன் சாய்ச்சுத்தான் ஆகணுங்கறார்."